நம்ம தேயிலை போற ஊர்

வங்கியில் என் மேசைக்கு வருகிற படிவங்களில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் நம்ம ஆட்கள் கடகடவென்று நிரப்பி விடுவார்கள். 'நிரந்தர முகவரி' என்கிற கட்டம் வந்ததும் பலரும் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். "சார், இதுல எதை எழுதறது?" நானும் பெரிய மனுஷன் மாதிரி, "ஊர் முகவரியை எழுதுங்க" என்பேன். அதே கட்டத்தில் நானும் திணறுகிற ஆள்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் பிறந்து வளர்ந்தது மாட்டுப்பட்டி. மூணாறிலிருந்து 13 கி.மீ. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது ஒரு அணை, படகு சவாரி, வேகவைத்த சோளம். எங்களுக்கு அது லயம், பிரட்டு, கொழுந்து. தோட்டத்து வழக்கப்படி வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. அப்பா போய்விட்டார். அம்மா ஓய்வு பெற்றாயிற்று. தங்கச்சி இன்னும் கொழுந்து எடுப்பதால், அவள் பேரில் இருக்கும் லயத்து வீட்டில் அம்மா இருக்கிறார். தங்கச்சி ஓய்வு பெறுகிற அன்றைக்கு என் 'நிரந்தர முகவரி'யும் ஓய்வு பெற்றுவிடும்.

சரி, கதைக்கு வருவோம். 2024 டிசம்பரில் மஸ்கட்டிலிருந்து லீவில் போயிருந்தபோது, பிள்ளைகள் இரண்டையும் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் தங்கமணியும் இரண்டு நாள் கொச்சிக்குக் கிளம்பினோம். கல்யாணமாகி 18 வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை என்பது தங்கமணியின் நீண்டகாலப் புகார். போய் வந்ததில் ஊர் சுற்றியதைவிட, எங்கள் மலைக்கும் அந்தக் கடற்கரைக்கும் நடுவே இருக்கும் பழைய கணக்கு எனக்குப் பிடிபட்டதுதான் பெரிய விஷயம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

கிளம்பும்போது அம்மா கேட்டது: "கொச்சியா? அங்க என்னப்பா இருக்கு? நம்ம தேயிலை போற ஊருதானே அது?"

முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். கொச்சியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் கொச்சிக்கு அவர் கொடுத்த விளக்கத்தை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

தேயிலை முதலில் போன ஊர் வேறு

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். புல்லின் மேல் உறைபனி, உப்பைத் தூவின மாதிரி. அணையின் மேல் புகை போல மூடுபனி. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே மாட்டுப்பட்டி வழியாக ஒரு ரயில் ஓடியது என்றால் இன்றைக்கு நம்புவது கஷ்டம்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். சிங்கோனா, காப்பி என்று எதையெதையோ போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. மலையில் வேலை செய்ய ஆள் வேண்டுமே? கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். என் தாத்தாவின் அப்பா போடியிலிருந்து கொட்டகுடி வழியாக நடந்தே மலையேறியவர் என்று வீட்டில் சொல்வார்கள்.

ஆள் ஏறி வந்த அதே பக்கமாகத்தான் தேயிலையும் இறங்கியது. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தார்கள். 1908இல் அதை இரண்டடி அகல ரயில் பாதையாக மாற்றினார்கள். குண்டளா பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடிநாயக்கனூர். அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம். பிறகு கப்பலில் சீமைக்கு.

அதாவது எங்கள் மலை திருவிதாங்கூர் ராஜாவின் எல்லைக்குள் இருந்தாலும், அதன் முகம் கிழக்கே தமிழ்நாட்டைப் பார்த்து இருந்தது. கொச்சிக்கும் எங்களுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

ஒரு ஆறு, இரண்டு வெள்ளம்

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் அதை 'தொண்ணூற்றொம்பதாம் வெள்ளம்' என்பார்கள். மலையில் நாள்கணக்கில் மழை கொட்டித் தீர்த்தது. மூணாறு டவுன் மூழ்கியது. ரயில் பாதை, பாலங்கள் எல்லாம் போயின. ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியாக மூணாறுக்கு வந்த பழைய சாலையும் மண்ணோடு போனது. அந்த ரயில் திரும்ப ஓடவே இல்லை.

ஆனால் சாலையை வேறு வழியாகப் போட்டார்கள். நேரியமங்கலம், அடிமாலி வழியாக ஆலுவா – மூணாறு சாலை 1931இல் திறக்கப்பட்டது. பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் 1935இல் வந்தது. நாங்கள் காரில் இறங்கியதும் அதே வழிதான். பாலத்தில் நிறுத்தி டீ குடித்தோம். "நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த மழை பெய்யலைன்னா நாம இப்ப தூத்துக்குடிக்குத்தான் டூர் போயிருப்போம்" என்றேன். "அங்கயும் நல்ல மீன் கிடைக்கும்" என்றாள் தங்கமணி. அவளுக்கு அவள் கவலை.

பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1953இல் கட்டி முடித்த மாட்டுப்பட்டி அணைத் தண்ணீர் முதிரப்புழையாறாகி, மின்சாரமும் கொடுத்துவிட்டு, பெரியாற்றில் சேர்கிறது. பெரியாறு ஆலுவாயில் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை கொச்சிக் காயலுக்குப் போகிறது. கொச்சி நகரத்துக் குடிநீரில் பெரும்பகுதி போவது ஆலுவாயிலிருந்துதான். ஆக, ஃபோர்ட் கொச்சியில் நாங்கள் தங்கின ஹோம்ஸ்டேயில் குழாயைத் திறந்தால் வந்ததில் எங்கள் ஊர்த் தண்ணீரும் கலந்திருக்கலாம்.

இந்த ஆற்றின் பழைய பெயர் சுள்ளி. யவனர்களின் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதை அகநானூறு சொல்லும் முசிறி இதன் கழிமுகத்தில்தான் இருந்தது. இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் குறுக்கிடும், பொறுத்துக் கொள்ளுங்கள். முசிறி வணிகம் தொடர்பாக நம்மிடம் இருக்கும் மிக முக்கியமான ஆவணம் எது தெரியுமா? ஒரு கடன் பத்திரம்! கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் தாள், இப்போது வியன்னாவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். கடனைத் திருப்பாவிட்டால் அடமானச் சரக்கைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்கிற ஷரத்து வரை இருக்கிறது. மறுபக்கம் முசிறியிலிருந்து போன 'ஹெர்மபோலோன்' என்ற கப்பலின் சரக்கு மதிப்பு, சுமார் 70 லட்சம் ரோமானியக் காசு. ரோமாபுரி அரசு அதில் நாலில் ஒரு பங்கைச் சுங்கமாக எடுத்துக்கொண்டது. இன்றைக்கு நாங்கள் சரக்கின் மேல் கடன் கொடுக்கும்போது வாங்குகிற கையெழுத்துகளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேரள வரலாற்றில் சொல்லப்படுகிறபடி, 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் கொடுங்கல்லூர்ப் பக்கத் துறைமுகம் தூர்ந்து போனது. அதே வெள்ளம் தெற்கே கொச்சியின் வாயைத் திறந்து விட்டது. 1341 வெள்ளம் கொச்சிக்குத் துறைமுகத்தைக் கொடுத்தது; 1924 வெள்ளம் எங்கள் மலையைக் கொச்சியின் பக்கம் திருப்பியது. இரண்டும் ஒரே ஆற்றின் வேலை. 2018 ஆகஸ்டில் அந்த ஆறு மூன்றாவது தடவை தன்னைக் காட்டியபோது நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பழைய குளிர்கால விருந்தாளிகள்

எர்ணாகுளத்தில் ஹைகோர்ட் பக்கத்திலிருந்து வாட்டர் மெட்ரோ பிடித்து ஃபோர்ட் கொச்சிக்குப் போனோம். மதியம் ஒரு மணி. காலையில் போட்ட ஸ்வெட்டர் கையில் தொங்குகிறது. மலையாளிகள் 'நல்ல தணுப்பு' என்கிறார்கள், எங்களுக்கு வியர்த்து ஊற்றுகிறது.

டிசம்பரில் கொச்சிக்கு வருகிற வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. பாய்மரக் கப்பல் காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று முடிகிற நேரத்தில் வந்து, மிளகை ஏற்றிக்கொண்டு, டிசம்பர் ஜனவரியில் வடகிழக்குக் காற்றோடு திரும்ப வேண்டும். அதனால் குளிர்காலம்தான் கொச்சியின் சீசன். போர்த்துகீசியத் தளபதி கப்ரால் கோழிக்கோட்டில் சண்டை போட்டுவிட்டு கொச்சிக்கு வந்து சேர்ந்தது 1500 டிசம்பர் 24. கோழிக்கோட்டு சாமூதிரியின் கை ஓங்கியிருந்ததால் கொச்சி அரசருக்கும் ஒரு துணை தேவைப்பட்டது. 1503இல் இங்கே கோட்டை கட்டினார்கள். இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை. 'ஃபோர்ட்' என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

24 வருஷம் கழித்து அதே டிசம்பர் 24இல், 1524ஆம் ஆண்டு, வாஸ்கோ ட காமா கொச்சியில் செத்துப் போனார். வைஸ்ராய் என்ற பெரிய பதவியோடு வந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. நாங்கள் புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் போனது 2024 டிசம்பர் 24. சரியாக 500 வருஷம். நானாகத் திட்டம் போடவில்லை, லீவு அப்படி அமைந்தது. தரையில் கம்பி வேலி போட்ட ஒரு கல். 1539இல் எலும்புகளைத் தோண்டி போர்த்துகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். காலிக் குழிக்குத்தான் வேலி.

தங்கமணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவரும் வெளிநாட்டுல வேலை பாத்தவர்தானேங்க. ஊருக்குப் போக 15 வருஷம் ஆயிருக்கு." நான் ஒன்றும் சொல்லவில்லை. மஸ்கட்டில் நம் சங்கத்துக்காரர்கள் எத்தனை பேருடைய உடலை ஊருக்கு அனுப்பக் காகிதம் தூக்கி அலைந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கொண்டேன். (காமா நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அவர் செய்த கொடுமைகள் தனிக் கட்டுரைக்கு ஆகும்.)

மஸ்கட் என்றதும் இன்னொன்று. மஸ்கட் துறைமுகத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் ஜலாலி, மிரானி கோட்டைகளைப் பார்க்காத மஸ்கட் தமிழர் கிடையாது. அவையும் இதே போர்த்துகீசியர்களின் வேலைதான். 1650 ஜனவரியில் ஓமானியர்கள் அவர்களை மஸ்கட்டிலிருந்து விரட்டினார்கள். 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சியிலிருந்து விரட்டினார்கள். கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஊரைச் சுருக்கி, கத்தோலிக்கக் கட்டடங்கள் பலவற்றை இடித்துத் தள்ளினார்கள். அந்த இடிபாட்டோடு நமக்குச் சம்பந்தப்பட்ட ஒன்றும் மறைந்து போனது.

கொச்சியில் அச்சான தமிழ்

அது என்னவென்றால், 1579 நவம்பரில் இதே ஃபோர்ட் கொச்சியில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. பெயர் 'கிரீசித்தியானி வணக்கம்'. அதற்கு முந்தின வருஷம், 1578 அக்டோபரில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்தது. 16 பக்கம்தான். இந்திய மொழி ஒன்று அதன் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறியது அதுதான் முதல். அடுத்தது கொச்சியில். வங்காள எழுத்து அச்சில் வர 1778 ஆனது, அதாவது 200 வருஷம் கழித்து. முழுக்க மலையாளத்தில் முதல் புத்தகம் 1772இல் ரோமில் அச்சானது.

இரண்டு தமிழ்ப் புத்தகத்துக்கும் காரணம் அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்கிற ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். புன்னைக்காயல் பக்கத்தில் பல வருஷம் இருந்து தமிழ் படித்த பாதிரியார். செலவுக்குப் பணம்? முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கொடுத்தார்கள். தூத்துக்குடிக் கடற்கரை மீனவர்களின் காசில், கொச்சியில், தமிழ் எழுத்து அச்சானது. அந்தப் புத்தகங்களில் மொழியின் பெயரை 'மலபார் தமிழ்' என்று போட்டார்கள். அன்றைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் அவ்வளவு வேறாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

பி.காம் படித்து, வங்கிப் பரீட்சைக்காகப் பொது அறிவுப் புத்தகம் கரைத்துக் குடித்தவன் நான். மூணாறிலிருந்து 130 கி.மீ தூரத்தில் இது நடந்தது என்று ஒரு ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. கேரளப் பள்ளிக்கூடத்தில் அது தமிழ்நாட்டு விஷயம். தமிழ்நாட்டில் அது கொச்சி விஷயம். நடுவில் நாங்கள்.

"இதுதான் ஊரு"

மறுநாள் காலையில் மட்டாஞ்சேரி அரண்மனை. போர்த்துகீசியர்கள் 1555 வாக்கில் கட்டிக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் பழுது பார்த்தது, அதனால் பெயர் மட்டும் 'டச்சு அரண்மனை'. இராமாயணச் சுவரோவியங்கள் கண்ணிலேயே நிற்கின்றன. பக்கத்தில் 1568இல் கட்டிய யூதர் ஜெபாலயம். இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேளியில் உள்ள தோபி கானாவை.

டச்சுக்காரர்கள் காலத்தில் பட்டாளத்து உடுப்புகளை வெளுக்கத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் அங்கே துணி வெளுக்கிறார்கள். இப்போது இருக்கும் துவைக்கும் கூடம் 1976இல் கட்டிக் கொடுத்தது. வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள், கரிப் பெட்டி இஸ்திரி. கொடியில் கிளிப்பே கிடையாது. முறுக்கின கயிற்றின் நடுவே துணியின் முனையைச் செருகி விடுகிறார்கள். காற்றில் ஒன்றும் பறப்பதில்லை.

இஸ்திரி போட்டுக் கொண்டிருந்த பெரியவர் நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தலை நிமிர்ந்தார்.

"தம்பி எந்த ஊரு?"

"மாட்டுப்பட்டிங்க ஐயா. மூணாறு பக்கம்."

"அப்ப மலைத் தமிழா?"

"ஆமாங்க. ஐயாவுக்கு எந்த ஊரு?"

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். "இதுதான் ஊரு" என்றார்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்கிற கணக்கை அவர் கொடுக்கவே இல்லை. மறுபடி குனிந்து ஒரு வெள்ளைச் சட்டையை விரித்தார். வெளியே வந்த பிறகும் தங்கமணி திரும்பித் திரும்பிப் பார்த்துக் கொண்டே வந்தாள்.

எந்த மாகாணம், எந்த ராஜா

திரும்பும்போது படகிலிருந்து வில்லிங்டன் தீவைப் பார்த்தோம். 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டி எடுத்தார். அதுவரைக்கும் பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க வேண்டியதுதான். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. வாரி எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியதுதான் அந்தத் தீவு. தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள்: 1924இல் கிழக்கு வழி உடைகிறது, 1928இல் கொச்சித் துறைமுகம் திறக்கிறது, 1931இல் மேற்குச் சாலை வருகிறது. 1947இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்குகிறது. அம்மாவின் 'நம்ம தேயிலை போற ஊர்' உருவானது இப்படித்தான்.

இன்னொரு வேடிக்கை. மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவுடையது. மாட்டுப்பட்டி திருவிதாங்கூர் ராஜாவுடையது. ஆனால் ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ்காரர்களிடம் போனதால், அது மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்தில் இருந்தது! 1956 அக்டோபர் 31 வரைக்கும் அந்தச் சின்ன ஊருக்கு அரசாங்கம் சென்னையில். மறுநாள், நவம்பர் 1, மொழிவாரி மாநிலம். தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழர்கள் போராடினார்கள்; 1954இல் உயிர்ப்பலியும் நடந்தது. கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கு வந்தது, எங்கள் மலை கேரளத்தில் நின்றது. அதே நாளில் சென்னையின் கையிலிருந்த ஃபோர்ட் கொச்சியும் கேரளத்துக்குப் போனது.

அதாவது எங்களுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் கேரளப் பிறந்தநாள் ஒன்றுதான். நாங்கள் மட்டும் ஏனோ இன்னும் விருந்தாளி மாதிரியே உட்கார்ந்திருக்கிறோம்.

படிவத்தில் என்ன எழுதினேன்

ராத்திரி ஒன்பதுக்கு மாட்டுப்பட்டி திரும்பினோம். மறுபடி ஸ்வெட்டர். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அம்மா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம தேயிலையைப் பாத்தியாப்பா?"

பார்க்கவில்லை. கோட்டை, கல்லறை, அரண்மனை எல்லாம் பார்த்த நான், வில்லிங்டன் தீவின் கிடங்குகளைப் படகிலிருந்து கை காட்டியதோடு சரி. "இல்லம்மா, அது உள்ள இருக்கும், விட மாட்டாங்க" என்று சமாளித்தேன். "அவ்வளவு தூரம் போயிட்டு அதைப் பாக்காம வந்துட்டியே" என்றார். அவருக்கு அது நிஜமாகவே ஏமாற்றம்.

அடுத்த லீவில் அம்மாவைக் கூட்டிப் போவதென்று முடிவு. அவர் எடுத்த கொழுந்து கப்பல் ஏறின இடத்தை அவர் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். தோபி கானா பெரியவரிடமும் கூட்டிப் போக வேண்டும். இரண்டு பேரும் பேசுவதைக் கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

மஸ்கட் திரும்பிய வாரத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டி வந்தது. நிரந்தர முகவரிக் கட்டத்தில் இந்தத் தடவை யோசிக்கவில்லை. தங்கச்சியின் லயத்து எண், மாட்டுப்பட்டி, தேவிகுளம் தாலுகா, இடுக்கி மாவட்டம், கேரளா. தங்கச்சி ஓய்வு பெற இன்னும் 14 வருஷம் இருக்கிறது. அதற்குள் அங்கேயே ஒரு சென்ட் நிலமாவது நம் பேரில் வாங்க முடியுமா என்று தங்கமணி இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். வங்கிக்காரன் நான்தான், ஆனால் வீட்டில் கடன் வாங்கும் முடிவு எப்போதும் அவளுடையது.